ஜார்ஜியா 1868: சட்டமன்ற உறுப்பினர் பட்டியல் தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்லாண்டாவில் ஒரு சிறிய வரலாற்றுக் குழுவுக்கு வார இறுதிகளில் உதவி வருகிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இரண்டு மூன்று மாணவர்கள் வருவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் பழைய சட்டமன்றங்களில் யார் யார் உறுப்பினராக இருந்தார்கள் என்று அட்டவணை போடுவது அவர்களுக்குத் தரும் வேலை. 1868 தேர்தலில் உருவான மன்றத்தைக் கையில் எடுத்ததும், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். எழுத்துப் பிழை, இனிஷியல் குழப்பம் போன்றவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்சிப் பெயரை இன்றைய பொருளில் படிப்பது

வேண்டாம். அன்று கறுப்பின உறுப்பினர்கள் ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களை மன்றத்திலிருந்து வெளியேற்ற முன்னின்றவர்கள் டெமாக்ரட்டுகள். வெள்ளையின ரிபப்ளிகன்கள் சிலரும் அதற்குத் துணைபோனார்கள்.

ஓர் இடத்துக்கு ஒரு பெயர் எழுதுவது

இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

1868 அரசமைப்பின்படி கீழவையில் 175 இடங்கள், செனட்டில் 44. ஆகவே 219 வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதினால் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அச்சிட்ட பெயர்ப் பட்டியல் ஒன்று கிடைத்ததும் அதை அப்படியே இறக்கிவிட்டேன்.

ஆனால் இந்த மன்றத்தில் நடந்தது வேறு. 1868 ஏப்ரலில் தேர்தல், ஜூலையில் கூட்டம். கீழவைக்கு 30 கறுப்பினத்தவரும் செனட்டுக்கு 3 பேரும் தேர்வாகியிருந்தார்கள். புதிய அரசமைப்பு கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. பதவி வகிக்கும் உரிமையை வெளிப்படையாக எழுதி வைக்கவில்லை. எதிரணி அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 3 அன்று கீழவை கறுப்பின உறுப்பினர்களுக்குத் தகுதி இல்லை என்று வாக்களித்தது. மேக்கன் நகரம் இருக்கும் பிப் கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) உறுப்பினர் ஹென்றி மெக்நீல் டர்னர் அன்று அவையில் எழுந்து நின்று, தான் ஒரு மனிதன், தன் உரிமையை யாரிடமும் கெஞ்சிக் கேட்கப்போவதில்லை என்று பேசினார். சில நாள் கழித்து செனட்டிலும் டியூனிஸ் கேம்பெல், ஜார்ஜ் வாலஸ் இருவரையும் வெளியேற்றினார்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் மாணவர்கள் கவனிப்பதில்லை. அந்த இடங்களுக்கு இடைத்தேர்தல் வைக்கவில்லை. ஏப்ரலில் தோற்று, அடுத்தபடியாக வாக்கு வாங்கிய வெள்ளையினத்தவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். 1869 ஜூனில் கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் ஜார்ஜியாவை மீண்டும் ராணுவக் கண்காணிப்பில் வைத்தது. 1870 ஜனவரியில் ராணுவ அதிகாரி ஜெனரல் டெரியின் மேற்பார்வையில் வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அதே சமயம், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் நின்ற, தகுதியற்ற முன்னாள் கூட்டமைப்புக்காரர்கள் நீக்கப்பட்டு, அவர்களிடம் தோற்ற ரிபப்ளிகன்கள் அந்த இடங்களில் அமர்ந்தார்கள். ஆக, ஒரே இடத்தில் முதலில் வென்றவர், பிறகு தோற்றவர், பிறகு மறுபடியும் வென்றவர் என்று பெயர் மாறும். இன்னோர் இடத்தில் வேறு விதமாக மாறும். ஒற்றைப் பெயர் எழுதும்போது யாரோ ஒருவரை அழித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

நான் அழித்தேன். வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு நேரே "பதவிக்காலம் முடிந்தது" என்று போட்டு, அவர் இடத்தில் உட்காரவைக்கப்பட்டவரைத் "தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்று எழுதியிருந்தேன். வெளியேற்றப்பட்ட அந்த உறுப்பினரின் வழிவந்த ஒரு பெண்மணி குழுவைத் தேடி வந்தார். அந்த உறுப்பினரைச் சபையிலிருந்து துரத்தினார்கள் என்று பாட்டி சொல்வாராம். "பாட்டி சொன்னது சரிதானா?" என்று கேட்டார். என் அட்டவணையைப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை, காலம் முடிந்து போயிருக்கிறார் என்றேன். அவர் வாதாடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து அவைக் குறிப்பேட்டின் செப்டம்பர் பக்கங்களைப் படித்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அதற்குள் அவர்களுடைய குடும்ப ஒன்றுகூடலில் நான் சொன்ன வரியோடு சிறு புத்தகம் அச்சாகி எல்லார் கைக்கும் போய்விட்டது. திருத்திய பக்கத்தை அச்சடித்து அனுப்பினேன். எத்தனை பிரதிகளில் அதை ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதனால் இப்போது என் அட்டவணையில் தேர்தலில் வென்றவருக்கு ஒரு பத்தி, இடத்தில் அமர்ந்தவருக்கு ஒரு பத்தி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதற்கு ஒரு பத்தி, எப்படிப் போனார் என்பதற்கு ஒரு பத்தி. கடைசிப் பத்தியில் "வெளியேற்றப்பட்டார்" என்ற சொல்லை மென்மையாக்காதீர்கள். போன மாதம்கூட ஒரு மாணவர் "இடம் காலியானது" என்று எழுதியிருந்தார். எத்தனை வருடம் ஆனாலும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த இடம் தானாகக் காலியாகவில்லை, வாக்கெடுத்துப் பிடுங்கினார்கள்.

தேதியும் சும்மா இல்லை. டோஹர்ட்டி கவுன்டியின் பிலிப் ஜாய்னர் 1868 செப்டம்பர் 19 அன்று கமிலா என்ற ஊருக்கு ஊர்வலத்தை அழைத்துப் போனார். அங்கே துப்பாக்கிச்சூட்டில் பலர் செத்தார்கள். அவர் வெளியேற்றப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கிரீன் கவுன்டியின் ஏப்ரம் கோல்பியை 1869 அக்டோபரில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறிக் கும்பல் இரவில் இழுத்துப்போய் அடித்துச் சிதைத்தது. அன்று அவருக்கு அவையில் இடமில்லை. "1868–1870" என்று ஒரே கோடாக எழுதினால் இதெல்லாம் மறைந்துபோகிறது.

33 என்ற எண்

தேர்வானவர்கள் 33 பேர். எல்லாரும் ஒரே நாளில் ஒரே வாக்கெடுப்பில் வெளியேறினார்கள் என்று எழுதாதீர்கள். சவானாவின் ஏரன் பிராட்லி ஒரு பழைய வழக்கைக் காரணம் காட்டி முன்பே விலக நேர்ந்தது. கீழவையில் வெளிர் நிறம் கொண்ட கலப்பினத்தவர் நால்வரை அந்த வாக்கெடுப்பில் நீக்கவில்லை. கிளார்க் கவுன்டியின் இருவரைப் பாருங்கள்: ஆல்ஃபிரட் ரிச்சர்ட்சன் வெளியேற்றப்பட்டார், மேடிசன் டேவிஸ் இருந்தார். இன்றைய சட்டமன்றக் கட்டட வளாகத்தில் 33 பேருக்கும் சேர்த்து ஒரு நினைவுச் சிற்பம் 1978 முதல் நிற்கிறது. நிற்க வேண்டியதுதான். ஆனால் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிப்பேட்டைப் பாருங்கள்.

கேம்பெல்

செனட்டர் டியூனிஸ் கேம்பெலுக்கும் கேம்பெல் கவுன்டிக்கும் சம்பந்தமில்லை. அவர் கடலோர மெக்கின்டாஷ் பக்கத்தவர். கேம்பெல் கவுன்டி 1932-இல் ஃபுல்டனோடு இணைந்துவிட்டது.

படம்

இன்றைய சட்டமன்றமான தங்கக் கூரைக் கட்டடத்தின் படத்தைப் போடாதீர்கள். அது 1889-இல் முடிந்தது. 1868 ஜூலையில் கூடியது அதே இடத்தில் முன்பு இருந்த நகர மண்டபத்தில்.

எங்கே தொடங்குவது

பெயர்ப் பட்டியலை முதலில் திறக்க வேண்டாம். 1868 செப்டம்பர் மாதக் குறிப்பேட்டை முழுதாகப் படியுங்கள், பிறகு 1870 ஜனவரி. இரண்டையும் படித்து முடித்தவர்களுக்கு மட்டும்தான் இப்போது அட்டவணையைத் தருகிறேன்.