இரண்டு மணி நேரம்தான் அவகாசம்: கணினி விளையாட்டை இணையத்தில் வாங்குவதும் பணத்தைத் திரும்பப் பெறுவதும்

சென்னை ரிச்சி தெருவில் கணினி உதிரிபாகம் வாங்கியவர்களுக்கு, ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரி பழக்கமானதாக இருக்கும். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளும் பல ஆண்டுகள் ஏறத்தாழ அப்படித்தான் நடந்துகொண்டன. அவற்றுள் மிகப் பெரியதான ஸ்டீம் 2015 ஜூன் மாதத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான ரீஃபண்ட் விதியைக் கொண்டுவந்தது. அதே மாதம் வெளியான 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' என்ற விளையாட்டின் கணினிப் பதிப்பு சரியாக ஓடாததால் ஏராளமானோர் பணத்தைத் திரும்பக் கேட்டனர், ஒரே வாரத்திற்குள் அதன் விற்பனையே நிறுத்தி வைக்கப்பட்டது. விதி வந்த சில வாரங்களிலேயே அதன் வலிமை தெரிந்துவிட்டது.

ஆனால் விதி இருப்பது வேறு, அது நமக்குப் பயன்படுவது வேறு. பெரம்பூரில் இருக்கும் என் அக்காவின் மகன், தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு விளையாட்டை வாங்கினான். அவனுடைய மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. படம் விட்டு விட்டு ஓடியதால் செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தான். அதிலேயே மூன்று மணி நேரம் போய்விட்டது. அதன்பிறகுதான் "மாமா, இதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டான். காலம் கடந்திருந்தது. அவனைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான வேலையை, பணம் செலுத்துவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

முதல் படி: எந்தக் கடை, என்ன விதி என்று பாருங்கள்

ஸ்டீமில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வாங்கிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும். விளையாடிய நேரம் 2 மணி நேரத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரு முறைகூடத் திறக்காத விளையாட்டாக இருந்தாலும் பதினைந்தாம் நாள் கேட்டால் அது விதிக்கு வெளியே போய்விடும். எபிக் கேம்ஸ் ஸ்டோரிலும் இதே 14 நாள், 2 மணி நேரக் கணக்குதான். ஆனால் அங்கே சில பொருட்களின் பக்கத்திலேயே 'திரும்பப் பெற இயலாது' என்ற பொருளில் குறிப்பு இருக்கும் என்பதால், வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

போலந்து நாட்டைச் சேர்ந்த ஜிஓஜி கடை இவற்றைவிடத் தாராளமானது. 2020 பிப்ரவரி முதல், பதிவிறக்கி விளையாடியிருந்தாலும்கூட 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அது அறிவித்துள்ளது. அந்த நம்பிக்கையை யாரும் வீணடிக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள். முழுவதும் விளையாடி முடித்துவிட்டுப் பணம் கேட்பவர்கள் பெருகினால் இப்படிப்பட்ட விதி நிலைக்காது.

அடுத்தது மிக முக்கியமானது. ஸ்டீமில் சேர்க்கக்கூடிய 'கீ' எனப்படும் குறியீட்டை வெளித்தளம் ஒன்றில் வாங்கினால், அதற்கு ஸ்டீம் பொறுப்பேற்காது. விற்ற தளத்தைத்தான் கேட்க வேண்டும். இருநூறு, முந்நூறு ரூபாய் குறைகிறதே என்று முன்பின் தெரியாத தளத்தில் கீ வாங்கும்போது, இந்த உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இரண்டாம் படி: விலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஸ்டீமில் 2015 நவம்பர் முதல் விலைகள் ரூபாயில் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு நாட்டிற்கும் தனி விலை வைக்கும் முறை அங்கே உண்டு. எவ்வளவு வைக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பரிந்துரைக்கிறது, முடிவு செய்வது விளையாட்டை வெளியிடும் நிறுவனமே. ஆகவே ஒரே டாலர் விலையுள்ள இரண்டு விளையாட்டுகளில், ஒன்று இங்கே மலிவாகவும் மற்றொன்று டாலரை அப்படியே ரூபாயாக மாற்றிய விலையிலும் இருக்கலாம். மலிவான வேறு நாட்டின் விலையைப் பெறுவதற்காக விபிஎன் போட்டு இருப்பிடத்தை மாற்றிக் காட்டுவது விதிமீறல். கணக்கே முடக்கப்படக்கூடும் என்பதால் அந்த யோசனை வேண்டாம்.

விலை டாலரில் காட்டப்படும் கடையாக இருந்தால், வங்கிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கி அந்நியச் செலாவணிப் பரிமாற்றத்திற்கு 3.5 விழுக்காடு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டாலர் விளையாட்டுக்கு அது 70 சென்ட். அந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர, ஏறத்தாழ 83 சென்ட் கூடுதலாகிறது. பணம் திரும்பும்போது அன்றைய டாலர் மதிப்பில் மாற்றப்படும் என்பதால், கொடுத்த அதே ரூபாய்த் தொகை திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

தள்ளுபடி விழுக்காட்டைப் பார்த்து மயங்குவதுதான் புதியவர்களின் பொதுவான தவறு. ரூ. 2,000 விலையுள்ள ஒன்று 50 விழுக்காடு தள்ளுபடியில் ரூ. 1,000 ஆகிறது என்றால், அது நல்ல விலையா இல்லையா என்பதை அந்த விழுக்காடு சொல்லாது. அதே விளையாட்டு நான்கு மாதங்களுக்கு முன் ரூ. 500-க்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. ஸ்டீம்டிபி என்ற தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடினால், ரூபாயில் இதுவரை பதிவான மிகக் குறைந்த விலையும் அது எந்த நாளில் இருந்தது என்பதும் தெரியும். நான் எதையும் அங்கே பார்க்காமல் வாங்குவதில்லை.

ஜவுளிக்கடையில் விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடிப் பலகை மாட்டுவது போல இங்கேயும் நடக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. ஸ்டீமில் அதற்கு ஒரு தடை இருக்கிறது: விலையை உயர்த்திய 30 நாட்களுக்குள் தள்ளுபடி அளிக்க முடியாது, ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் இடையிலும் 30 நாள் இடைவெளி வேண்டும். பருவகாலத் தள்ளுபடிகளுக்கு மட்டும் இந்த இடைவெளி விதியில் விலக்கு உண்டு.

அந்தப் பருவகால விற்பனைகள் அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்குவதால், நமக்குக் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30 ஆகும். முதல் இரவிலேயே கண்விழித்து வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. சில மணி நேரம் மட்டும் நீடிக்கும் தனித் தள்ளுபடிகளை இந்த விற்பனைகளில் காட்டும் வழக்கம் 2015-இலேயே கைவிடப்பட்டது. பொதுவாக விற்பனை முடியும் வரை அதே விலைதான் இருக்கும். நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கிய சில நாட்களில் விலை குறைந்துவிட்டால் வருந்த வேண்டாம். 14 நாளும் 2 மணி நேரமும் மீறப்படவில்லை என்றால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மீண்டும் வாங்குவதைத் தவறாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீம் தன் விதியிலேயே எழுதியிருக்கிறது.

மூன்றாம் படி: பணம் செலுத்துதல்

எந்த வழியில் செலுத்துகிறீர்களோ அந்த வழியிலேயே பணம் திரும்ப வருவது வழக்கம். அது இயலாதபோது ஸ்டீம் வாலட்டில் வரவு வைக்கப்படும். வாலட்டில் வந்த பணத்தைக் கடைக்குள்தான் செலவிட முடியும். அம்மாவின் அட்டையிலோ அப்பாவின் யுபிஐ கணக்கிலோ வாங்குபவர்கள் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டுக் கடையில் அட்டை ஏற்கப்படவில்லை என்றால், வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2020 முதல் புதிய அட்டைகளில் அதை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

நான்காம் படி: முதல் தொண்ணூறு நிமிடங்களைத் திட்டமிடுங்கள்

இந்த விளக்கத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் என்பது நீங்கள் ரசித்து விளையாடிய நேரம் அன்று. விளையாட்டு திறந்திருந்த நேரம். நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும், முகப்புத் திரையில் அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசினாலும் நிமிடங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டீம் வழியாகப் பதிவிறக்கும் நேரம் இதில் சேராது. ஆனால் சில விளையாட்டுகள் தமக்கென்று லாஞ்சர் எனப்படும் தனித் தொடக்கச் செயலியைத் திறந்து, அதற்குள் மேலும் பல ஜிபி பதிவிறக்கும். வேறு சில, முதல் முறை திறக்கும்போது ஷேடர்கள் எனப்படும், படத்தை வரைவதற்கான சிறு நிரல்களைத் தயார் செய்வதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். இவை விளையாட்டு நேரமாகவே கணக்கில் ஏறும். மெதுவான இணைப்பு உள்ளவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே நிதானமாக உட்காரக்கூடிய ஒரு நாளில்தான் முதல் முறையாகத் திறக்க வேண்டும். நூறு ஜிபி விளையாட்டை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்குக் கொஞ்சமாக இறக்கினால் 14 நாளில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் 90 நிமிடத்திற்கு அலாரம் வையுங்கள். முதல் பத்து நிமிடத்தில் திரைத் தெளிவு, ஒலி, கீபோர்டு அல்லது கன்ட்ரோலர் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, செட்டிங்ஸை ஒரே ஒரு முறை மாற்றுங்கள். அதற்குமேல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். பயிற்சிப் பகுதி பெரும்பாலும் சிறிய அறைகளில் நடக்கும். அங்கே சீராக ஓடுவது எதையும் நிரூபிக்காது. கூட்டமும் திறந்த வெளியும் உள்ள இடத்திற்கு எவ்வளவு விரைவில் போக முடியுமோ அவ்வளவு விரைவில் போங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் வெப்பத்தையும் சோதிக்க வேண்டும். மடிக்கணினி சூடேறும்போது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் முதல் பதினைந்து நிமிடம் அருமையாக ஓடிய விளையாட்டு, நாற்பதாவது நிமிடத்தில் தடுமாறத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில்தான் வழக்கமாக விளையாடுவீர்கள் என்றால், அதே அறையில், அதே பகல் வேளையில், இடைவிடாமல் நாற்பது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த இரவில் செய்த சோதனை உங்களுக்குப் பயன்படாது. பலர் கூடி விளையாடும் விளையாட்டு என்றால் ஒரு சுற்றாவது ஆடி, உங்கள் கணினிக்கும் விளையாட்டின் சர்வருக்கும் இடையே தகவல் போய்வர ஆகும் நேரமான பிங் எவ்வளவு என்று பாருங்கள். கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற சிலவற்றுக்குச் சென்னையிலேயே சர்வர் உண்டு. வேறு சிலவற்றுக்கு நமக்கு அருகிலிருப்பது சிங்கப்பூர்தான். கடைசியாக ஒரு முறை சேமித்து, முழுவதும் மூடி, மீண்டும் திறந்து பாருங்கள்.

அலாரம் அடித்ததும் விளையாட்டை மூடிவிட்டு முடிவெடுங்கள். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்ற எண்ணத்திற்கு மீதமுள்ள அரை மணி நேரத்தைக் கொடுத்துவிட்டால், முடிவெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருக்காது.

ஐந்தாம் படி: ரீஃபண்ட் கேட்பது

ஸ்டீமின் மேல்பகுதியில் உள்ள 'ஹெல்ப்' பட்டியலில் 'ஸ்டீம் சப்போர்ட்' என்பதைத் திறந்து, 'பர்ச்சேசஸ்' பகுதியில் அந்த விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். சிக்கல் என்ன என்று கேட்கும் பட்டியலில், பணம் திரும்ப வேண்டும் என்ற வரியை அழுத்தினால், பணம் எங்கே வர வேண்டும் என்று கேட்கும். வாலட்டா, செலுத்திய வழியா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காரணத்தை இரண்டு வரியில் உண்மையாக எழுதினால் போதும். உறுதி செய்யும் மின்னஞ்சல் வரும். ஒப்புதல் கிடைத்தபின் ஒரு வாரத்திற்குள் பணத்தை அனுப்புவதாக ஸ்டீம் கூறுகிறது. நிபந்தனையைச் சற்றே தாண்டியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம், பார்த்து முடிவு செய்வோம் என்றும் விதியில் உள்ளது. அது வாய்ப்பு மட்டுமே, உரிமை அன்று.

டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகளுக்கு, அதை வாங்கியபின் மூல விளையாட்டை 2 மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும் என்பது கணக்கு. தொகுப்பாக வாங்கியிருந்தால் எல்லா விளையாட்டுகளின் நேரமும் கூட்டப்படும். வெளியாவதற்கு முன்பே பதிவு செய்ததை வெளியீட்டு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். ஆனால் கூடுதல் பணம் பெற்றுக்கொண்டு முன்கூட்டியே விளையாடத் தரும் பதிப்புகளில், அப்படி விளையாடிய நேரமும் 2024 ஏப்ரல் முதல் கணக்கில் சேர்கிறது.

பணம் வரும்வரை

இந்தக் காத்திருப்பு நாட்களில், 'உங்கள் ரீஃபண்டை அனுப்ப வேண்டும்' என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவைப்படாது, ஓடிபியும் தேவையில்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கடை ஒப்புக்கொண்ட தொகையைத் தராமல் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. அதற்காகவே ஒப்புதல் மின்னஞ்சலையும், வாங்கிய ரசீதையும், விளையாடிய நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும், வங்கிக் கணக்கில் வரவு விழும் நாள் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.