பாகு வெள்ளமும் கோயில் நிழலும்: வினோதச் செய்தி சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பாபநாசம் பக்கம் ஒரு டீக்கடை. அமெரிக்காவில் பாகு வெள்ளம் வந்து ஆட்கள் செத்தார்கள் என்று சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "பாகு ஓடாது தம்பி, நகரும். நான் இருபது வருஷம் வெல்லம் காய்ச்சுனவன்" என்றார். கடையே சிரித்தது.

தப்பு என்னுடையதுதான். அதிசயத்தைச் சொன்னேன், காரணத்தை விட்டுவிட்டேன். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

நடந்தது 1919 ஜனவரி 15, பாஸ்டன் நகரில். ஐம்பது அடி உயரத் தொட்டி உடைந்து, ஏறக்குறைய 87 லட்சம் லிட்டர் பாகு தெருவில் பாய்ந்தது. வெல்லப்பாகு இல்லை, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு. 21 பேர் இறந்தார்கள். அலையின் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர் வரை இருந்ததாகக் கணக்கு.

பெரியவருக்குப் பதில் அவருடைய கொப்பரையிலேயே இருக்கிறது. வீரமாங்குடியில் வெல்லம் காய்ச்சும்போது நின்று பாருங்கள். கொப்பரையைச் சாய்த்ததும் பாகு சரசரவென்று இறங்கும். ஆறவிட்டால் துடுப்பு அசையாது. பாஸ்டனிலும் இரண்டு நாளைக்கு முன்தான் கப்பலிலிருந்து சூடேற்றிய பாகைத் தொட்டிக்கு ஏற்றியிருந்தார்கள். தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான எடை, மேலே ஐம்பது அடி உயரம், உடைந்ததும் பாய்ந்துவிட்டது. வெளியே குளிர்காலம். பாய்ந்தது இறுகிவிட்டது, சிக்கியவர்களை இழுத்து எடுக்க முடியவில்லை.

இதில் யாரும் சொல்லாமல் விடுவது இன்னொன்று. தொட்டி ஆரம்பத்திலிருந்தே கசிந்தது. அடைப்பதற்குப் பதிலாக, கசிவு தெரியாதபடி பழுப்பு வண்ணம் அடித்தார்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் வெறும் சிரிப்புக் கதை.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 1932-ல் ஆஸ்திரேலியா ஈமு பறவைகளிடம் போரில் தோற்றது என்பார்கள். போர் என்பதே கேலிப் பெயர். கோதுமை வயலைக் காக்க இரண்டு இயந்திரத் துப்பாக்கியோடு சில சிப்பாய்கள் போனார்கள், பறவைகள் சிதறி ஓடிவிட்டன, அவ்வளவுதான். மயிலிடம் கடலையைப் பறிகொடுக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வெளியூர்க் கதைக்கு ஆதாரம் கேட்கும் நாம் உள்ளூர்க் கதைக்குக் கேட்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்று இன்னும் பார்வர்டு வருகிறது. சாயங்காலம் போய்க் கிழக்கே நந்தி பக்கம் நின்று பாருங்கள், தாராளமாக விழுகிறது. உச்சிவெயிலில் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வந்த பேச்சாக இருக்கலாம். சுற்றிலும் வண்டல் மண், கல்லெல்லாம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்; அதில் 1010-லேயே 216 அடி எழுப்பியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு நிழலைத் தேடுகிறோம்!

அப்புறம், சாவைக் கூட்டிச் சொல்வது. 1980 நவம்பர் 20, லூசியானாவில் பெய்னர் ஏரி. எண்ணெய்க்காகத் துளையிட்டபோது அடியில் இருந்த உப்புச் சுரங்கத்தில் ஓட்டை விழுந்தது. ஏரியே உள்ளே இறங்கியது, பதினோரு சரக்குப் படகுகளோடு. சுரங்கத்தில் இருந்த 55 பேரும் தப்பினார்கள். ஒரு ஆள்கூடச் சாகவில்லை என்பதுதான் இதில் பெரிய வினோதம். சொல்பவர்களோ நூறு பேரைக் கொன்றுவிடுகிறார்கள்.

இதை அதே பெரியவரிடம் காரணத்தோடு சொன்னேன். ஏரி வற்றியதும், கடலுக்கு வடியும் வாய்க்கால் திரும்பி உள்ளே ஓடியது என்றேன். சிரிக்கவில்லை. மகளை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்தவர்.

"நல்ல தண்ணி ஏரியா அது?"

"ஆமாங்க ஐயா."

"அப்புறம்?"

"உப்பு ஏறிப்போச்சு."

இன்னொரு டீ சொன்னார்.