நெட் வரலையா? எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் என்று ஒருமுறை தெருவுக்குத் தெரிந்துவிட்டால் போதும், நீங்கள் டேட்டாபேஸா டெஸ்டிங்கா என்றெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை, "நெட் வரலை தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்று போன் வந்துவிடும். அந்தப் போனை எடுக்கிறவருக்கும், போன் போடாமல் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் லேப்டாப்பிலிருந்து ஒரு வலைத்தளம் வரைக்கும் நாலு கண்ணி இருக்கிறது. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே வைஃபை, ரவுட்டரிலிருந்து வெளியே போகும் ஃபைபர், தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ், கடைசியில் அந்தத் தளமே. இதில் எது அறுந்தாலும் திரையில் சுற்றுவது அதே வட்டம்தான். அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றிப் பார்க்காமல், பக்கத்திலிருந்து தூரத்துக்கு ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் பத்து வருஷ அனுபவம் உள்ளவர்கள்கூட அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேரே ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது, எதில் வரலை? யூடியூப் ஓடுகிறது, பேங்க் ஆப் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் நெட்டில் கோளாறு இல்லை, பேங்க் பக்கம்தான் ஏதோ நடக்கிறது, டீ குடித்துவிட்டு வாருங்கள். போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்பில். ஆனால் போன் வைஃபையில்தான் இருக்கிறதா, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட்டதா என்று பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள். "என் போன்ல நல்லா வருதே" என்பவர்களில் நிறைய பேர் 4ஜியில்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் எதிலுமே வரவில்லை என்றால் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். பான் (PON) என்று போட்டிருக்கும் விளக்கு பச்சையில் அசையாமல் நிற்க வேண்டும். எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியிருப்பது அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம், இனி லேப்டாப்பில் நீங்கள் எதைத் தட்டினாலும் பலன் இல்லை. ஒன்றே ஒன்று செய்யலாம்: பெட்டிக்குப் பின்னால் நுழையும் அந்த மெல்லிய கேபிளைப் பாருங்கள், அலமாரியைத் தள்ளியபோது கூர்மையாக மடங்கிப் போயிருக்கும், அல்லது பெருக்கும்போது துடைப்பம் பட்டு இணைப்பு தளர்ந்திருக்கும். ஃபைபர் மடங்கினால் மடங்கிய இடத்திலேயே ஒளி கசிந்துவிடும், நேராக்கிவிட்டால் சில சமயம் உடனே பச்சை வந்துவிடும். கழற்றினால் அந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது. அப்படியும் சிவப்பு போகவில்லையா, கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது "நெட் வரலை" என்று சொல்லாமல் "எல்ஓஎஸ் சிவப்பு எரியுது" என்று சொல்லுங்கள், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லும் பத்து நிமிஷம் பெரும்பாலும் மிச்சமாகும்.

விளக்கெல்லாம் ஒழுங்காக இருந்தும் வரவில்லை என்றால் கறுப்புத் திரைக்குப் போக வேண்டியதுதான். விண்டோஸ் பட்டனைத் தட்டி, சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் அடித்தால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து என்டர் தட்டுங்கள். வருகிற குப்பையில் இரண்டு வரி போதும், ஐபிவி4 அட்ரஸ் (லேப்டாப்பின் முகவரி), டிஃபால்ட் கேட்வே (ரவுட்டரின் முகவரி). அட்ரஸ் 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை, லேப்டாப் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வைஃபையைத் துண்டித்து மறுபடி சேருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் இப்போது ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யலாம், இப்போது அதற்குக் காரணம் இருக்கிறது.

முகவரி சரியாக இருந்தால் பிங் (ping) என்று அடித்து, இடம் விட்டு, அந்த கேட்வே எண்ணை அடியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல இருக்கும். பதில் சில மில்லிசெகண்டில் வர வேண்டும். 300, 700 என்று எகிறினாலோ நடுநடுவே டைம்ட் அவுட் என்று வந்தாலோ கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில்தான், கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அடுத்தது பிங் 8.8.8.8. அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், 2009லிருந்து இருக்கிறது, எண்ணை மனப்பாடம் செய்வது சுலபம் என்பதால் எல்லோரும் அதைத்தான் அடிக்கிறார்கள். பதில் வந்தால் ஃபைபரும் வெளியுலகமும் நன்றாக இருக்கின்றன. கடைசியாக பிங் போட்டு எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரை அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது என்றால், சரி, டிஎன்எஸ்.

நம்மாட்கள் கூடுகிற இடத்தில் எந்தக் கோளாறைச் சொன்னாலும் யாராவது ஒருவர் "டிஎன்எஸ்தான் மச்சி" என்பார், பாதி கிண்டல், பாதி நிஜம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் போலப் படுத்தபோது வெளியே இருந்து பார்த்தவர்களுக்கும் டிஎன்எஸ் கோளாறாகத்தான் தெரிந்தது. உள்ளே நடந்தது வேறு. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது, அது போனதும் டிஎன்எஸ் சர்வர்கள் "எங்களை இந்த வழியில் அடையலாம்" என்று வெளியுலகுக்குச் சொல்லும் தம் வழித்தட அறிவிப்பைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டன. சரிசெய்ய ஆட்கள் டேட்டா சென்டருக்குள் நேரில் போக வேண்டியிருந்தது, பாதுகாப்புக் கெடுபிடியில் அதற்கே நேரம் பிடித்தது. தெரிகிற இடமும் அறுந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் நிஜமாகவே டிஎன்எஸ்தான் என்றால் வைத்தியம் எளிது. வைஃபை செட்டிங்கில் டிஎன்எஸ்ஸை மேனுவலுக்கு மாற்றி 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள், கம்பெனியின் உள் தளங்கள் அவர்கள் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். ஆண்ட்ராய்டு போனில் "கனெக்டட், ஆனால் இன்டர்நெட் இல்லை" என்று வந்தால் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தைப் பாருங்கள், விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்னதைக் கேட்டு எப்போதோ ஒரு பெயரைப் போட்டிருப்பீர்கள், அந்த சர்வர் இப்போது மூச்சை விட்டிருக்கும். ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் போதும்.

இது எல்லாவற்றையும் தாண்டி ஒரு ரகம் உண்டு, நம் தொழிலில் இருப்பவர்களை மட்டும் பிடிப்பது. வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக விபிஎன் போட்டு, ஆபீஸ் சர்வரிலிருந்து புரோகிராம் கோடை (code) இறக்க கிட் புல் என்ற கட்டளையைக் கொடுத்தவரிடமிருந்து சாட்டில் வரும்:

"ஜி, விபிஎன் கனெக்ட் ஆகுது, பிங் போகுது, கிட் புல் மட்டும் தொங்குது."

"ஹாட்ஸ்பாட்ல?"

"அதுல ஓடுது ஜி."

"அப்ப எம்டியு. பெரிய பாக்கெட் எங்கயோ மாட்டுது."

ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது என்ற ஒரு வரியில் லேப்டாப்பும் ஆபீஸ் சர்வரும் குற்றமற்றவை என்று ஆகிவிட்டது, மிச்சம் இருப்பது வீட்டு லைன். எம்டியு என்பது ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவைப் பிரித்து அனுப்பும் ஒரு துண்டு, எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. ஈதர்நெட்டில் அது 1500 பைட் வரை போகலாம். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இருக்கும், யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து லைனில் நுழையும் பிபிபிஓஈ என்ற முறை அதில் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்கிறது, ஆக 1492. அதற்குள் விபிஎன் தன் உறையைப் போடும்போது இன்னும் குறையும். பிங் சின்ன பாக்கெட், இடுக்கில் நுழைந்துவிடும், கிட் புல்லில் கோடை (code) இறக்கும்போது வருகிற பெரிய பாக்கெட் நுழையாது. "பாக்கெட் பெரிசு, உடைச்சு அனுப்பு" என்ற தகவலையும் நடுவில் ஏதாவது ஃபயர்வால் தின்றுவிட்டால், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று எதிர்பார்த்து சும்மா நிற்கும். விபிஎன்னின் எம்டியுவை 1400 அல்லது அதற்கும் கீழே இறக்கினால் தீரும், அந்த அனுமதி உங்களுக்கு இல்லை என்றால் ஹாட்ஸ்பாட் சோதனையையும் சேர்த்து எழுதி ஐடி ஆளுக்கு டிக்கெட் போடுங்கள். "விபிஎன் ஸ்லோ" என்று மட்டும் போட்ட டிக்கெட் எவ்வளவு நாள் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

லேப்டாப்பில்தான் கோளாறு என்று முடிவானால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி சில வருஷம் பின்னால் போய் நிற்கும், உடனே எல்லாத் தளமும் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் அலறும், தளங்கள் தம்மை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களின் தேதி பொருந்தாததுதான் காரணம். சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அப்புறம் ரீஸ்டார்ட். "ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேனே" என்பார்கள். விண்டோஸ் 8லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் உள்ளே விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் அப்படியே வட்டில் பத்திரமாகி மறுபடி எழுகிறது, கோளாறும் கூடவே எழுகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் அப் டைம் பாருங்கள், தினமும் அணைக்கும் மெஷின் வாரக்கணக்கில் ஓடுவதாகக் காட்டும். மெனுவில் ரீஸ்டார்ட் என்று இருப்பதை அழுத்தினால்தான் நிஜமாகப் புதிதாக ஆரம்பிக்கும்.

வருகிறது ஆனால் மெதுவாக வருகிறது என்பவர்களுக்கு: 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் டவுன்லோட் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் காட்டும், அது பிட், இது பைட், யாரும் ஏமாற்றவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து ஃபிளாட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெருக்கியடிக்கின்றன. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். மீட்டிங் முக்கியம் என்றால் ஒரு லேன் கேபிள் வாங்கிச் செருகுவதைப் போல வேறெதுவும் இல்லை. கிகாபிட் போர்ட்டிலும் 100க்கு மேல் ஏறவில்லையா, கேபிளை மாற்றுங்கள், கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும், 100க்கு நாலே போதும், ஒரு கம்பி விட்டிருந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

ரவுட்டருக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதன் பெயர் ரீசெட். அதைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயர் மட்டுமல்ல, லைனுக்கான யூசர்நேம், பாஸ்வேர்டும் அழிந்துபோகும், பச்சை விளக்கு எரிந்துகொண்டே நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள், இணைப்பு கொடுத்த தம்பி ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார். அந்த இரண்டையும் அவர் மாட்ட வந்த அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கரண்ட் போகும்போதெல்லாம் நெட்டும் போகிறது என்றால் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள், நிறைய ரவுட்டருக்கு 12 வோல்ட். வீட்டில் ஃபைபர் இருந்தால் வழியில் ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, அதனால் அந்தப் பக்கம் அவர்களுடைய பெட்டிக்கு பேக்கப் இருக்கிற வரை தெருவே இருட்டானாலும் உங்களுக்கு நெட் வரும்.

அதுவும் இல்லாமல் ஹாட்ஸ்பாட்டில் மீட்டிங்கை ஓட்ட வேண்டிய நாளில், சேர்ந்தவுடன் அந்த வைஃபையை விண்டோஸில் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்று, அதாவது டேட்டா அளவோடுதான் இருக்கிறது என்று, குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கென்று பார்த்து அப்டேட் இறங்க ஆரம்பித்து, நாள் ஒன்றுக்குக் கிடைக்கிற 2 ஜிபியை நீங்கள் "ஆடிபிளா?" என்று கேட்டு முடிப்பதற்குள் காலி பண்ணிவிடும்.