ஃபைல் காப்பி செய்து சர்வர் வேகம் பார்க்காதீர்கள்

மண்டபத்தில் மீன் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் இரண்டு சர்வர்கள், ஒன்றில் லினக்ஸ், மற்றதில் விண்டோஸ். நெட்வொர்க்கில் எது வேகம் என்று பார்க்க அங்கிருந்த தம்பி ஒரு பெரிய ஃபைலை இரண்டுக்கும் காப்பி செய்துவிட்டு, லினக்ஸ் மந்தம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். லினக்ஸ் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க்கில், விண்டோஸ் அதைவிட வேகமான எஸ்எஸ்டியில். ஆடி மாதத்தில் ஒரு வள்ளத்தை அமைதியான வடகடலிலும் இன்னொன்றைக் கொந்தளிக்கும் தென்கடலிலும் விட்டுவிட்டு எந்த இன்ஜின் நல்லது என்று கேட்கிற கதைதான்.

ஃபைல் காப்பியில் டிஸ்க், மெமரி கேஷ், எஸ்சிபி என்ற பாதுகாப்பான காப்பி கமாண்ட் என்றால் என்கிரிப்ஷன் எல்லாம் கலந்துதான் வரும். நெட்வொர்க் வேகம் அளக்கும் டூலான ஐபெர்ஃப்3 மெமரியிலிருந்தே அனுப்புவதால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு சர்வரையும் ஒன்றோடொன்று மோதவிடாமல், மூன்றாவதாக ஒரே மெஷினை எதிரில் வைத்து, இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். 10 ஜிகாபிட் லைன் என்றால் இன்னொரு எச்சரிக்கை, விண்டோஸில் கிடைக்கும் ஐபெர்ஃப்3, லினக்ஸ் புரோகிராம்களை விண்டோஸில் ஓட்டும் இடைத்தட்டான சிக்வின் மேல் ஓடுவது, அதனால் அளவு குறைந்து வரலாம். மைக்ரோசாஃப்டே அங்கே தன் சொந்த டூலான என்டிடிடிசிபியைத்தான் எடுக்கச் சொல்கிறது.

சரி, ஓட்டினோம். லினக்ஸில் வெறும் 94 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்)! தம்பி முகத்தில் சிரிப்பு. 94 என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அது 100 எம்பிபிஎஸ் லிங்க்கின் உச்சம். லிங்க் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கமாண்டில் பார்த்தால் அதேதான். கேபிளை உருவினால் கனெக்டர் பின்களெல்லாம் பச்சை பூத்திருக்கிறது, உப்புக்காற்று வேலை. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும், அதனால் லிங்க் சத்தமில்லாமல் இறங்கி நின்றுவிட்டது. நம் கரையில் எதை ஒப்பிடுவதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புதுக் கனெக்டர் கிரிம்ப் செய்ததும் 941 வந்தது. விண்டோஸில் 949. “இன்னும் எட்டு குறையுதேண்ணே?” என்றார் தம்பி.

குறையத்தான் செய்யும். லினக்ஸ் ஒவ்வொரு டிசிபி பாக்கெட்டிலும் டைம்ஸ்டாம்புக்கு, அதாவது நேரக் குறிப்புக்கு, 12 பைட் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் வழக்கமாக அதை வைப்பதில்லை. 1500 பைட் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) உள்ள பாக்கெட் ஒன்று வயரில் 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் சரக்கு விண்டோஸுக்கு 1460, லினக்ஸுக்கு 1448. 1538ஆல் வகுத்து லைனின் 1000 எம்பிபிஎஸால் பெருக்கிப் பாருங்கள், அந்த எட்டு அப்படியே வந்து நிற்கும். பெட்டியில் ஐஸ் கொஞ்சம் கூடினால் மீன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் டைம்ஸ்டாம்பை அணைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேகமான லைனில் பழைய பாக்கெட்டைப் புதியது என்று ஏமாறாமல் இருக்க அது வேண்டும்.