கட்டுரைக்குக் கை பழக

இலங்கையில் சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குக் கட்டுரையைப் பாடமாக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி. உதயனோ வலம்புரியோ, வீட்டுக்கு வரும் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தியை இரண்டு தரம் வாசியுங்கள். மடித்து வைத்துவிட்டு, அதையே உங்கள் சொல்லில் கொப்பியில் எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால், எதை விட்டீர்கள், எங்கே வளவளத்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

‘யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மக்கள் வெள்ளம் அலைமோதியது’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ‘முருங்கைக்காய்க் கட்டோடு சைக்கிளை உருட்டவே இடமில்லை’ என்றால் சந்தை கண்ணில் தெரியும்.

எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை). மூச்சு முட்டுகிற இடத்தில் வசனத்தை இரண்டாக உடையுங்கள். பத்திரிகை வாங்காத வீடா? ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.