நீராவிச் செலவைக் குறைக்க: பாய்லருக்கு வெளியே இருந்து தொடங்குங்கள்

எரிபொருள் செலவு கூடினால் எல்லோருடைய கண்ணும் முதலில் பாய்லர் மீதுதான் போகும். பர்னரைப் பிரித்துப் பார்ப்பார்கள், புதுப் பாய்லருக்கு விலை விசாரிப்பார்கள். ஆனால் ஓரளவு ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பாய்லரில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. குழாய்களிலும், குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப்களிலும்தான் பணம் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் வெளியே இருந்து தொடங்கி, கடைசியில் பாய்லர் அறைக்கு வருவோம்.

படி 1: இரண்டு எண்கள்

ஒரு கிலோ எரிபொருளுக்கு எத்தனை கிலோ நீராவி கிடைக்கிறது? ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை கிலோ நீராவி செலவாகிறது? முதல் எண் பாய்லரின் நிலையைச் சொல்லும், இரண்டாவது ஆலையின் நிலையைச் சொல்லும். ஸ்டீம் மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாய்லருக்குள் போன தண்ணீரிலிருந்து புளோடவுனில் (உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரை அவ்வப்போது வெளியே விடுவது) வெளியேறியதைக் கழித்தால் கிட்டத்தட்ட சரியான கணக்கு வந்துவிடும். ஒரு வாரத்துக்காவது தினமும் குறித்து வையுங்கள்.

படி 2: கசிவுகள்

ஒரு சுற்று நடந்து, கசியும் இடத்தில் எல்லாம் ஒரு டேக் கட்டுங்கள். '7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டைதானே' என்று விட்டுவிடாதீர்கள். அதில் மணிக்குச் சுமார் 30 கிலோ நீராவி போகும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 240 டன். அதை உண்டாக்க ஏறக்குறைய 16 டன் ஃபர்னஸ் ஆயில் எரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கசிவு எங்கே என்று கையை நீட்டித் தேடாதீர்கள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை, அது குளிர்ந்து நுண்துளிகளான பிறகு வருவது.

படி 3: ஸ்டீம் ட்ராப்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. கண்டென்சேட்டை (நீராவி குளிர்ந்து தண்ணீரானது) வெளியே விட்டு, நீராவியை உள்ளேயே நிறுத்துவதுதான் ட்ராப்பின் வேலை. அது இரண்டு விதமாகக் கெடும். மூடியபடி நின்றுவிட்டால் தண்ணீர் தேங்கும், இயந்திரம் சூடேறாது. உடனே யாராவது வந்து புகார் சொல்வார்கள். திறந்தபடி நின்றுவிட்டால் உற்பத்தி வழக்கம்போல ஓடும், நீராவி மட்டும் நேராக, கண்டென்சேட் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைனுக்குள் போய்க்கொண்டே இருக்கும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் நாம்தான் தேடிப் போக வேண்டும்.

முதலில் ஒவ்வொரு ட்ராப்புக்கும் ஓர் எண் கொடுத்து, இடம், வகை, அழுத்தம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு வெப்பநிலை பாருங்கள். ட்ராப் குளிர்ந்திருந்தால் அடைப்பு, அல்லது முன்னால் உள்ள வால்வு மூடியிருக்கிறது. சூடாக இருந்தால் நல்ல ட்ராப் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெளியேறும் பக்கம் சூடாக இருப்பதாலேயே கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் நல்ல ட்ராப்பிலிருந்து வரும் கண்டென்சேட்டும் அழுத்தம் குறைந்ததும் ஒரு பகுதி மறுபடி ஆவியாகி (இதுதான் ஃபிளாஷ் ஸ்டீம்) அந்தக் குழாயைச் சுடவைக்கும்.

அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? காதால். அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் நல்லது. டிஸ்க் வகையும் பக்கெட் வகையும் விட்டுவிட்டு வேலை செய்பவை. 'டக்' என்று திறந்து மூடும் சத்தம் கேட்கும். இடைவெளியே இல்லாமல் 'ஸ்ஸ்' என்று ஓடினால் சந்தேகப்படுங்கள். ஃப்ளோட் வகை தொடர்ச்சியாகவே வெளியேற்றும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டெஸ்ட் வால்வு இருந்தால் திறந்து, குழாய் முனையைத் தள்ளி நின்று கவனியுங்கள். சொட்டுகளோடு சோம்பலாகப் படரும் வெள்ளை மேகம் ஃபிளாஷ் ஸ்டீம். முனையை ஒட்டிச் சற்று தூரம் ஒன்றும் தெரியாமல், சீறிக்கொண்டு வந்து பிறகுதான் வெளுத்தால் அது நேரடி நீராவி. அந்த ட்ராப்பை மாற்றுங்கள்.

படி 4: கண்டென்சேட்டைத் திரும்பக் கொண்டுவருதல்

7 பார் நீராவியில் உள்ள மொத்த வெப்பத்தில் கால் பங்குக்கு மேல், அது தண்ணீரான பிறகும் அதிலேயே இருக்கிறது. அதைச் சாக்கடையில் விடுவது காய்ச்சிய பாலைக் கீழே கொட்டிவிட்டுப் பச்சைப் பாலை மறுபடி அடுப்பில் வைப்பது மாதிரிதான். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால், எரிபொருள் சுமார் 1 சதவீதம் குறையும். 7 பாரிலிருந்து திறந்த தொட்டிக்கு வரும்போது ஏறத்தாழ 13 சதவீதம் ஃபிளாஷ் ஸ்டீமாகப் பறந்துவிடும். தொட்டியின் மேல் எப்போதும் புகை மண்டினால், முதலில் ட்ராப்களைச் சரிசெய்துவிட்டு, மிச்சம் இருப்பதைப் பிடிக்க ஃபிளாஷ் வெசல் (அந்த ஆவியைப் பிரித்தெடுக்கும் கலன்) வைப்பதை யோசியுங்கள். இயந்திரத்தில் ஓட்டை விழுந்து எண்ணெயோ ரசாயனமோ கலந்த கண்டென்சேட் பாய்லருக்குள் போனால் வம்பு. ரசாயனம் கலக்கக்கூடிய லைனில் கண்டக்டிவிட்டி மீட்டரும் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் காட்டுவது), எண்ணெய் கலக்கக்கூடிய லைனில் எண்ணெயைக் கண்டறியும் கருவியும் வைத்த பிறகே திருப்புங்கள்.

படி 5: இன்சுலேஷன்

குழாய்க்கு மட்டும் சூடு காக்கும் உறையைச் சுற்றிவிட்டு, வால்வையும் ஃப்ளாஞ்சையும் (குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு) அம்மணமாக விடுவதுதான் வழக்கம். கழற்றி மாட்டக்கூடிய உறைகள் கிடைக்கின்றன, அவற்றைப் போடுங்கள். நனைந்துபோன இன்சுலேஷனைப் பிய்த்து எறியுங்கள்.

படி 6: இப்போது பாய்லர்

புகைபோக்கியில் ஆக்ஸிஜனும் வெப்பநிலையும் பாருங்கள். இயற்கை எரிவாயு என்றால், முழுச் சுமையில் ஆக்ஸிஜன் 2 முதல் 3 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. புகையின் வெப்பநிலை 22 டிகிரி குறைந்தால் திறன் சுமார் 1 சதவீதம் கூடும். அதே சுமையில் புகையின் சூடு மாதாமாதம் ஏறினால், உள்ளே கரியோ உப்புப் படிவோ சேர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் புளோடவுன். கண்டென்சேட் திரும்பி வரத் தொடங்கியதும் ஃபீட் வாட்டரின் (பாய்லருக்குள் போகும் தண்ணீர்) டிடிஎஸ், அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, இறங்கிவிடும். பழைய அட்டவணைப்படியே வால்வைத் திறந்துகொண்டிருந்தால் நல்ல சுடுநீர்தான் வீணாகும். பாய்லர் தண்ணீரின் டிடிஎஸ்ஸை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் நிற்கும்படி அட்டவணையைப் புதிதாகப் போடுங்கள்.