எக்செலில் திறந்து மூடினாலே மாறும் தரவு: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கருவியிலிருந்து வந்த சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெற்று உரைக் கோப்பு) டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்கிறோம். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் சேவ் செய்து மூடுகிறோம். அதற்குள் தரவு மாறியிருக்கக்கூடும். 007 என்ற மாதிரி எண் 7 ஆகிவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் எக்செல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. எனவே 16 இலக்க அடையாள எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். மார்ச்1, செப்ட்1 ஆகிய மரபணுப் பெயர்கள் தேதிகளாகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என மாற்றியது.

சேவ் செய்துவிட்டால் மீட்க வழியில்லை. 7 என்று கிடப்பது முன்பு 007-ஆ, 07-ஆ என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே டபுள் கிளிக் வேண்டாம். வெற்று எக்செலைத் திறந்து, ‘டேட்டா’ டேப்பில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டத்தில் தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தெரிவைக் கொடுத்தால் எல்லாம் எழுத்தாகவே வரும். எண்ணாக வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தைக் கைவிடுங்கள். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது. 2020-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனதற்கு இந்த வரம்பே காரணம்.

அடுத்தது விடுபட்ட அளவீடுகள். இதில்தான் அதிகக் கவனம் தேவை. 28, 29, 30 என்று மூன்று வெப்பநிலைகள், நான்காவது கிடைக்கவில்லை. அங்கே -999 என்று போட்டால் சராசரி -228 வரும். பார்த்தவுடனே சந்தேகம் தட்டும். 0 என்று போட்டால் சராசரி 21.75. நம்பத்தக்க எண்ணாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அப்படியே ஆய்வுக்கட்டுரைக்குள் போய்விடும். விடுபட்ட கட்டத்தைக் காலியாக விடுங்கள். காரணத்தைப் பக்கத்தில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசுவது காரணத்தைப் பதிவு செய்வதாகாது, சிஎஸ்வியாகச் சேமித்ததும் நிறம் போய்விடும்.

இதே சிக்கல் தலைகீழாகவும் வரும். நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடு ‘என்ஏ’ (NA). ‘மதிப்பு கிடைக்கவில்லை’ என்பதற்கும் அதே சுருக்கம்தான். பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பு அதைப் படிக்கும்போது ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாடே அட்டவணையிலிருந்து காணாமல் போகும். கோப்பைப் படிக்கும் கட்டளையில் அந்த இயல்பு அமைப்பை அணைத்துவிட்டு, எவையெல்லாம் வெற்று மதிப்பு என்பதை நீங்களே குறிப்பிடுங்கள்.

மூலக் கோப்புகளுக்கு ஒரு தனி ஃபோல்டர். வந்து சேர்ந்த அன்றே அவற்றை ‘ரீட் ஒன்லி’ ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) ஒரு உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். ஒரு பைட் மாறினாலும் தொகை மாறிவிடும். திருத்தம் எதுவானாலும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய நிரல் கோப்பு) வழியாகச் செய்து, விளைவை வேறு ஃபோல்டரில் சேமியுங்கள். கையால் திருத்திய கட்டத்துக்குச் சுவடு இருக்காது. ஸ்கிரிப்டில் இருந்தால் எந்த வரி, எதற்காக என்று காட்டலாம். கோப்புப் பெயரில் தேதியை 2024-03-07 என்று ஆண்டிலிருந்து தொடங்குங்கள், வரிசை தானாக அமையும்.

நிரலைச் செல் எனும் துண்டுகளாக எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில், செல்களை முன்னும் பின்னுமாக ஓட்டுவோருக்கு ஒரு எச்சரிக்கை: அழித்துவிட்ட செல்லில் உருவான மாறி நினைவகத்தில் இன்னும் இருக்கும். இன்று சரியாக வரும் விடை நாளை பிழைச்செய்தியாக வரும். முடிவுகளை அனுப்பும் முன் கெர்னலை (பின்னணியில் நிரலை இயக்கும் பகுதி) ரீஸ்டார்ட் செய்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். பயன்படுத்திய நிரல் தொகுப்புகளின் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் சேமியுங்கள்.

கிளவுட் சிங்கை (கணினிக் கோப்புகளை இணையச் சேமிப்பகத்தோடு தானாக ஒத்திசைப்பது) மட்டும் பேக்கப்பாக நம்ப வேண்டாம். கணினியில் அழித்தது அங்கேயும் அழியும். கெட்ட கோப்பு நல்ல கோப்பின் மேலேயே போய் உட்காரும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு கட்டடத்தில். அவ்வப்போது பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து, குறித்துவைத்த சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுங்கள்.